குட்டம் என்று எதைச் சொன்னார்கள்?

தோலில் ஒரு மாற்றம் தோன்றினால் அதைக் குறிக்கத் திருகோணமலையில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. தேமல், படை, சொறி, சிரங்கு, கிரந்தி, சொடுகு என்று உப்புவெளியில் இருந்து மூதூர் வரை எல்லா வீடுகளிலும் இவை தாராளமாகப் புழங்குகின்றன; ஒருவர் தம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இவற்றைச் சொல்வார், கேட்பவர் தமக்குத் தெரிந்த கைமருந்தைச் சொல்வார். குட்டம் என்ற சொல் அப்படிப்பட்டதன்று. அது வசையாக மட்டுமே உரத்த குரலில் வரும். நோயின் பெயராக வரும்போது குரல் தாழ்ந்துவிடும். முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிபோல் மினுங்கும் செதிள் படர்ந்து, உடுப்பில் பொடி உதிர்கின்ற ஒருவர், வைகாசி வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிவதற்குப் பின்னால் இருப்பது அரிப்பும் எரிவும் மட்டுமல்ல. அந்த ஒரு சொல் தம்மீது ஒட்டிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. அவருக்கு இருப்பது தொற்றாத நோய். ஆனால் அச்சம் முற்றிலும் காரணமற்றதும் இல்லை, ஏனென்றால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வைத்தியர் ஒருவர் அவருடைய தோலைப் பார்த்திருந்தால், எந்தத் தயக்கமும் இல்லாமல் அதைக் குட்டம் என்றுதான் எழுதியிருப்பார். இன்று தொழுநோயைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு அன்று பொருள் வேறு.

குட்டம் வடமொழிக் ‘குஷ்ட’ என்பதன் தமிழ் வடிவம். இஷ்டம் இட்டம் ஆனதும், துஷ்டர் துட்டர் ஆனதும் எந்த முறையிலோ அதே முறையில் குஷ்டம் குட்டம் ஆயிற்று. ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் குட்டம் என்ற தமிழ்ச் சொல் வேறு. அதற்கும் இதற்கும் உறவில்லை. வடமொழி இலக்கண மரபு ‘குஷ்’ என்ற வினையடியைக் காட்டுகிறது. பிய்த்தெடுத்தல், உரித்தெடுத்தல் என்பது அதன் பொருள். உடலின் மேற்பரப்பைப் பிய்த்துச் சிதைப்பது என்ற கருத்தில் நோய்க்கு அந்தப் பெயர் வந்ததாக உரைகள் சொல்கின்றன. வியப்பான ஒன்று, அதே பெயர் ஒரு மூலிகைக்கும் உண்டு. இமயமலைப் பக்கத்தில் இருந்து வரும், நாட்டு மருந்துக் கடையில் கோட்டம் அல்லது கோஷ்டம் என்று கேட்டால் கிடைக்கும், நறுமணமுள்ள அந்த வேர் அதர்வண வேதத்திலேயே போற்றப்படுகிறது.

பழைய வைத்திய நூல்களைத் திறந்து பார்த்தால் குட்டம் என்பது தனி ஒரு நோயின் பெயராக இல்லை. சரகர் என்ற வைத்தியரின் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூலான சரக சங்கிதையில் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பெருங்குட்டம் 7, சிறுகுட்டம் 11 என்று மொத்தம் 18 வகை. அந்த வகைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களும் அடையாளங்களும் அத்தனையும் கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் எழுதியவை. கபாலம் என்பது கறுத்துச் சிவந்து, உடைந்த சட்டியின் ஓடுபோல் சொரசொரத்தது. உதும்பரம் அத்திப்பழ நிறம் கொண்டது. ஏககுட்டம் என்ற வகை வியர்வை இல்லாமல், உடலில் அகன்ற இடத்தைப் பிடித்துக்கொண்டு, மீன் செதிளைப் போன்று இருக்கும் என்கிறது நூல். யானைத் தோல்போல் தடித்தது ஒரு வகை. சித்மம் என்பது வெண்மையும் செம்பு நிறமும் கலந்து, மெல்லியதாக, சுரைப்பூவின் நிறத்தில் இருக்கும். தேய்த்தால் தூள் உதிரும். இந்தக் கடைசி வரியை எழுதியவர் நோயாளியின் மார்பில் நகத்தால் மெதுவாகச் சுரண்டி, என்ன உதிர்கிறது என்று பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றைய தோல் வைத்தியரும் தேமலை உறுதிசெய்ய அதே இடத்தை அதே விதமாகத்தான் சுரண்டிப் பார்க்கிறார்.

ஆக, இந்தப் பதினெட்டில் பலவும் செதிள் கட்டுவதும், பொருக்குத் தட்டுவதும், தூள் உதிர்வதும், நீர் கசிவதுமான சாதாரணத் தோல் நோய்கள். படர்தாமரையும் சொறியும் கரப்பானும் இதற்குள்ளேயே அடங்கும். உண்மையான தொழுநோயும் இதற்குள்தான் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நோய் தோலைக் கடந்து உள்ளே இறங்கும்போது உணர்ச்சி மரத்துப்போவதையும், கைவிரல்கள் குறைவதையும், மூக்கு அமிழ்ந்துபோவதையும், குரல் கெடுவதையும் மற்றோர் ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் தெளிவாக விவரித்திருக்கிறார். அந்த வைத்தியர்கள் தொழுநோயைப் பார்க்காதவர்கள் இல்லை. உரிகின்ற தோலையும் மரத்துப்போகும் தோலையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, தோலோடு நிற்பது இது, ஆழ இறங்குவது அது என்று படிப்படியாகப் பிரித்தார்கள். நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் அது மதிக்கத்தக்க ஒழுங்குமுறை.

தமிழ்ச் சித்த மருத்துவமும் இதே பதினெட்டை எடுத்துக்கொண்டது. யூகி முனிவரின் பெயரால் வழங்கும் நூலில் குட்டம் 18 என்று வருகிறது; யானைத் தோலைக் குறிக்கும் கசசர்மமும், தூள் உதிரும் சித்துமாவும் தமிழ் ஒலிக்கு இசைந்த வடிவில் அங்கே இருக்கின்றன. ஈழத்தில் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இந்த மரபின் நீட்சி. அந்த மரபு ஏட்டோடு நின்றுவிடவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இன்று பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. செதிள் உதிரும் அந்தத் தொற்றாத நோயை, ஆங்கில மருத்துவர்கள் சொரியாசிஸ் என்று அழைப்பதை, இன்றைய சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்கிறார்கள். குட்டம் என்று எழுதாமல் படை என்று எழுதுவது சின்ன மாற்றம்தான். ஆனால் சிட்டையை வாங்கி வாசிக்கும் நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விரல் அழுகும் அந்தக் கொடிய நோய்க்குத் தமிழில் வேறு பெயர் இருந்தது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான நாலடியாரில், தீவினையச்சம் என்ற அதிகாரத்தில், “அக்கேபோல் அங்கை யொழிய விரலழுகித் துக்கத் தொழுநோய் எழுபவே” என்று ஒரு வெண்பா தொடங்குகிறது. உள்ளங்கை மட்டும் சங்குமணிபோல் எஞ்சி நிற்க, விரல்கள் அழுகிப்போகும் தொழுநோய் ஏன் வருகிறது என்றால், முற்பிறவியில் நண்டை விரும்பி அதன் காலை முறித்துத் தின்ற பழவினையால் என்கிறது பாட்டு. நண்டின் காலை முறித்தவனுக்கு விரல் போகும் என்ற அந்த அறக்கணக்கு சமண நூலுக்கு உரியது. அது நோய்க்காரணம் ஆகாது. கொட்டியாரக் குடாவின் நண்டை விரும்பி உண்கின்ற நமக்கு அது பற்றிக் கவலை வேண்டாம். நம் ஊரில் நண்டையும் இறாலையும் கிரந்தி என்று தோல் நோய்க்காரருக்கு விலக்குவது உண்டு. அது வேறு கணக்கு, பாட்டில் உள்ள வினைப்பயனோடு அதைச் சேர்க்கக் கூடாது. இங்கே கவனிக்கவேண்டியது சொல்லாட்சி. அந்தப் புலவர் குட்டம் என்று சொல்லவில்லை, தொழுநோய் என்றே சொன்னார்; செதிளையும் பொருக்கையும் பற்றிப் பேசவில்லை, விரல் போவதைப் பற்றியே பேசினார். செதிள் உதிர்வதற்கு ஒரு சொல், விரல் குறைவதற்கு ஒரு சொல் என்று தமிழில் இரண்டும் தனித்தனியே இருந்திருக்கின்றன.

இதே கதை உலகின் மறுபக்கத்தில், ஏறத்தாழ ஒரே விதமாக, கிரேக்கத்திலும் நடந்தது. கிரேக்கத்தில் ‘லெபோஸ்’ என்றால் தொலி, ‘லெபிஸ்’ என்றால் செதிள், ‘லெப்ரா’ என்றால் செதிள் கட்டிய தோல். உரித்தல் என்ற வினையில் இருந்து பிறந்த சொற்கள் இவை. இப்போக்ரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களில் லெப்ரா என்பது உயிருக்கு ஆபத்தான ஒன்றாக இல்லை. சொறியோடும் படையோடும் சேர்த்து அதைச் சொல்லிவிட்டு, இவை நோய் என்பதைவிட அழகைக் கெடுக்கும் குறைகளே என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். விரலும் முகமும் சிதையும் நோயைக் கிரேக்க மருத்துவர்கள் பிற்காலத்தில் அறிந்தபோது அதற்கு லெப்ரா என்று பெயர் வைக்கவில்லை. தோல் யானையின் தோல்போல் தடிப்பதைக் கண்டு எலிபன்டியாசிஸ் என்றார்கள். லெபிஸ் என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தெரியாமலே அறிந்திருக்கிறார்கள். தமஸ்குவில் சவுலுக்குப் பார்வை திரும்பியபோது அவருடைய கண்களிலிருந்து “மீன்செதிள்கள் போன்றவைகள்” விழுந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் வாசிக்கிறோமே, அந்த மீன்செதிளுக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் லெபிஸ் என்பதன் பன்மைதான். சரகரும் மீன் செதிள் என்றார், கிரேக்கரும் செதிள் என்றார். ஒருவரிடம் இருந்து ஒருவர் கற்றார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. மீனைக் கழுவும் எந்த ஊரிலும் இந்த ஒப்புமை தானாகவே தோன்றும்.

குழப்பத்தின் முதல் முடிச்சு மொழிபெயர்ப்பில் விழுந்தது. எபிரேய வேதத்தின் லேவியராகமம் 13ஆம், 14ஆம் அதிகாரங்களில் ‘சாராத்’ என்ற ஒரு நிலை விரிவாகச் சொல்லப்படுகிறது. தோலில் வெள்ளைப் படலம், அந்த இடத்து மயிர் வெளுத்துப்போதல், பரவுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆசாரியன் நோயாளியை ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கவேண்டும். மரத்துப்போவதைப் பற்றியோ விரல் போவதைப் பற்றியோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. உடையிலும் வீட்டுச் சுவரிலும்கூட அது தோன்றலாம் என்று சொல்லப்பட்டிருப்பதால், இன்றைய எந்த ஒரு நோயோடும் அதை நேருக்கு நேர் பொருத்த முடியாது. இன்னும் வியப்பானது, உடல் முழுவதும் வெளுத்துப்போனவன் சுத்தமுள்ளவன் என்று தீர்ப்புச் சொல்லச் சட்டம் ஆணையிடுவது. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் தொடங்கி அலெக்சாந்திரியாவில் அந்த வேதம் கிரேக்கத்துக்கு மாறியபோது, சாராத் என்பதற்கு லெப்ரா என்று எழுதினார்கள். அன்றைய பொருளில் அது நல்ல தேர்வு. உரிகின்ற, வெளுத்த தோலுக்கு உரிகின்ற தோலின் பெயரையே வைத்தார்கள். ஆனால் அதனால், அழகுக் குறை மட்டுமாக இருந்த லெப்ராவின்மீது தீட்டும் விலக்கும் ஏறிக்கொண்டன.

இரண்டாவது முடிச்சு மருத்துவ நூல்களில் விழுந்தது. அரபு மருத்துவர்கள் விரல் சிதையும் நோயை ‘ஜுதாம்’ என்றும், தோல் வெளுப்பதை ‘பரஸ்’ என்றும், கால் வீங்குவதை ‘தாஉல் ஃபீல்’, அதாவது யானை நோய், என்றும் தெளிவாகப் பிரித்துவைத்திருந்தார்கள். இது நம் யானைக்கால் என்ற பெயரோடு அப்படியே ஒத்துப்போகிறது. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கொன்ஸ்டன்டைன் என்ற துறவி முதலானோர் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்தபோது, யானை நோய்க்கு எலிபன்டியாசிஸ் என்ற சொல் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெயர் இடம் மாறிவிட்டதால் ஜுதாமுக்கு லெப்ரா என்ற பெயர் நிலைத்தது. அன்று முதல் ஐரோப்பாவில் லெப்ரா என்றால் விரல் போகும் நோய். வேதத்தில் உள்ள லெப்ராவும் அதுதான் என்று எல்லோரும் நம்பினார்கள். செதிள் உதிர்வதற்கு வைத்த பெயர், வேதத்தின் தீட்டையும் சிதைக்கும் நோயின் கொடுமையையும் ஒருங்கே சுமந்துகொண்டது.

தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்த இடத்தில் குஷ்டரோகம் என்று எழுதினார்கள். சீரியப் படைத்தலைவன் நாகமானின் நோய், எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கேயாசியைப் பிடித்த நிகழ்ச்சியில் அவன் “உறைந்த மழையின் நிறமான குஷ்டரோகி” ஆனான் என்று பழைய மொழிபெயர்ப்புச் சொல்கிறது. மூலத்தில் இருப்பது பனி. பனி விழாத நாட்டில் வாசிப்போருக்காக அதை உறைந்த மழை என்று எழுதிய அந்த மொழிபெயர்ப்பாளரின் முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. வெண்மையைச் சொல்கின்ற உவமை அது, அழுகலைச் சொல்வதன்று. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், குஷ்டரோகம் என்ற சொல்லில் ஏறியிருந்த இழிவை நீக்கும் நல்லெண்ணத்தோடு, தொழுநோய் என்று மாற்றியது. அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனாலும் பொருள் நோக்கில் பழைய மொழிபெயர்ப்பே மூலத்துக்கு அருகில் நிற்கிறது என்பது என் கருத்து. குஷ்டம் என்ற சொல்லுக்காவது பதினெட்டு வகையின் அகலம் இருந்தது. உரியும் தோலும் வெளுத்த தோலும் அதற்குள் அடங்கின. தொழுநோய் என்றவுடன் நாலடியாரின் அழுகிய விரல்தான் வந்து நிற்கிறது, லேவியராகமத்தில் அந்த விரல் இல்லை.

கிண்ணியாவிலும் மூதூரிலும் வாசிக்கப்படும் குர்ஆன் தமிழாக்கங்களில் ஈசா நபி குணப்படுத்தியவர்களைப் பற்றி வரும் இடத்தில் வெண்குஷ்டம் என்ற சொல் உண்டு. அரபு மூலத்தில் இருப்பது பரஸ் என்பதோடு தொடர்புடைய சொல். தோல் வெளுத்தவரைக் குறிப்பது. வெண்குட்டம் என்ற கூட்டுச்சொல்லும் பழைய வகைப்பாட்டின் எச்சம்தான். நிறமி இழந்து வெளுத்த தோலுக்கு உணர்ச்சி உண்டு, தொற்று இல்லை, சிதைவும் இல்லை. குட்டம் என்பது பொதுப்பெயராக இருந்த காலத்தில் வெண்குட்டம் என்பது குற்றமற்ற பெயர். பொதுப்பெயர் சுருங்கியபின் அதே சொல் அந்த மனிதரைத் தொழுநோயாளி என்று சொல்லாமல் சொல்கிறது. தமிழ்நாட்டில் வெண்புள்ளி என்ற பெயர் இப்போது வழக்குக்கு வந்திருக்கிறது. இங்கும் அதைப் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை.

பெயர்களைப் பிரித்தெடுக்கும் வேலை 19ஆம் நூற்றாண்டில்தான் நடந்தது. லண்டனில் ரொபேர்ட் வில்லன் 1808இல் வெளியிட்ட தோல் நோய் நூலில், செதிள் கட்டும் நோய்களைக் கவனமாக விவரித்திருந்தாலும், அவற்றில் ஒன்றைக் கிரேக்கர்களின் லெப்ரா என்றே அழைத்தார். வியன்னாவில் ஃபேர்டினான்ட் ஹெப்ரா 1841இல் லெப்ரா என்ற அந்தப் பெயரைச் செதிள் நோயில் இருந்து முற்றாக நீக்கி, சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று நிலைநாட்டினார். 1873இல் நோர்வேயின் பேர்கன் நகரில் ஹன்சன் தொழுநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டார். அதன் பிறகு தொழுநோய் என்பது ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரால் வரும் ஒரு குறிப்பிட்ட நோய். உரிகின்ற எல்லாத் தோலுக்கும் பொதுவான பெயர் அதற்குப் பொருந்தாது. மருத்துவர்களைப் பொறுத்தவரை கணக்கு அன்றே முடிந்துவிட்டது. மக்களிடம் முடியவில்லை.

இலங்கையில் அதற்குச் சட்டமும் ஒரு காரணம். கொழும்புக்கு வடக்கே ஹெந்தலையில் ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென்று வைத்தியசாலை கட்டினார்கள். ஆங்கிலேயர் 1901இல் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், நோயாளரைப் பிடித்துப் பிரித்துவைக்க அதிகாரம் கொடுத்தது. கிழக்கில் மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் ஒரு தொழுநோய் வைத்தியசாலை இயங்கியது. திருகோணமலையில் இருந்து தெற்கே கடலோரமாகப் போனால் ஒரு நாளில் சேர்ந்துவிடக்கூடிய அந்தத் தீவு, இந்தப் பக்கத்து மனிதருக்கு வெறும் ஊர்ப்பெயராக இருந்ததில்லை. குட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தோணியும் தீவும் திரும்பி வராமையும் நினைவுக்கு வரும் நிலை அப்படித்தான் ஏற்பட்டது. சரகரின் நூலில் சுரைப்பூவையும் மீன் செதிளையும் நினைவூட்டிய சொல் இது.

இப்போது தோலுக்கே வருவோம். நம் மேற்தோலின் உயிரணுக்கள் அடியில் பிறந்து, மேலே நகர்ந்து, செத்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. இதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகிறது. சொரியாசிஸ் வந்த தோலில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் தோலையே தூண்டிவிடுவதால், அந்த ஒரு மாத வேலை சில நாட்களிலேயே நடந்து முடிகிறது. முதிராத உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெள்ளிச் செதிளாகத் தெரிகின்றன. அதைத் தொட்டால் தொற்றாது, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தால் தொற்றாது, ஒரே கட்டிலில் படுத்தால் தொற்றாது. குறையும், கூடும், கட்டுப்படும். உலக சுகாதாரப் பேரவை 2014இல் இதை ஒரு தொற்றா நோயாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியபோது, இந்த நோயாளர் சுமக்கும் இழிவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியது.

தேமல் இன்னும் எளிது. எல்லோருடைய தோலிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சணம் வெப்பத்திலும் வியர்வையிலும் பெருகி, மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் வெளிறிய அல்லது பழுப்பான திட்டுகளை உண்டாக்குகிறது. கடற்றொழிலாளர், வெயிலில் வேலை செய்வோர், பந்தடித்துவிட்டு வியர்த்த சட்டையோடு இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு இது இந்தக் கரையோரத்தில் சர்வசாதாரணம். சுரண்டினால் தவிடுபோல் உதிரும். மருத்துவர்கள் இதற்கு வைத்த பிட்டிரியாசிஸ் என்ற பெயர் தவிட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. அந்தப் பூஞ்சணத்தின் பெயரில் ஒட்டியிருக்கும் ‘ஃபுர்ஃபுர்’ இலத்தீனில் தவிடு. தமிழ் மட்டும் இந்த விடயத்தில் வேறு மனநிலையோடு இருந்திருக்கிறது. பெண்ணின் மேனியில் தோன்றும் நுண்ணிய புள்ளிகளைச் சங்கப் புலவர்கள் சுணங்கு என்றும் திதலை என்றும் சொல்லி, வேங்கைப் பூவோடு ஒப்பிட்டார்கள். தேமல் என்ற சொல்லும் அந்த அழகுப் பொருளில் வழங்கியது. பிள்ளையின் கன்னத்துத் திட்டை இன்றும் அழகுத்தேமல் என்று சொல்லுகின்ற பாட்டிமார் அந்தப் பழைய பொருளைக் கைவிடவில்லை.

தோல் நோய்க்காரர் கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் குணம் வரும் என்ற நம்பிக்கையும் இங்கே உண்டு. ஏழு கிணறுகளிலும் வெவ்வேறு சூட்டில் நீர் ஊறும் அந்த இடத்தின் பெருமை சமயம் சார்ந்தது. முன்னோர் கடன் செய்ய வருவோருக்கு அது புனிதமானது. ஆனால் செதிள் கட்டும் தோலுக்குச் சூடான நீரில் நெடுநேரம் குளிப்பது நல்லதன்று. தோல் மேலும் வறண்டு, அரிப்புக் கூடும். போய்க் குளித்தே ஆகவேண்டும் என்றால் குறுகிய நேரம் குளித்து, ஈரம் உலருமுன் தேங்காய் எண்ணெயோ வைத்தியர் தந்த களிம்போ பூசிக்கொள்ளலாம்.

இந்தச் சொல்லின் வரலாற்றை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம், அது தரும் பிழையான வழிகாட்டல். குட்டம் என்றாலும் லெப்ரா என்றாலும் அந்தப் பெயரின் வேரில் இருப்பது உரிதலும் செதிளும். அதனால் செதிள் உதிர்ந்தால் அஞ்சுகிறோம், அரித்தால் அஞ்சுகிறோம், பொருக்குத் தட்டினால் அஞ்சுகிறோம். தொழுநோயோ பெரும்பாலும் செதிளாலோ அரிப்பாலோ தன்னை அறிவிப்பதில்லை. தோலின் நிறத்தைவிடச் சற்று வெளிறிய அல்லது சிவந்த ஒரு திட்டு. சில வேளை வறண்டிருக்கும். அரிக்காது, நோகாது, தொட்டால் தெரியாது. பஞ்சுத் துணுக்கால் வருடினால் உணர்ச்சி குறைந்திருக்கும். அந்த நுண்ணுயிர் தோலோடு நரம்பையும் பிடிப்பதால்தான் இப்படி. வலிக்காத ஒன்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. செதிள் உதிர்பவர் வெட்கத்தால் மறைந்திருக்க, மரத்த திட்டு உள்ளவர் கவலையில்லாமல் நாட்டு எண்ணெய் பூசிக்கொண்டு ஆண்டுகளைக் கடத்துகிறார். சுடுசட்டியைத் தொட்டும் சூடு தெரியாமல் விரலில் கொப்புளம் வரும்போது, அல்லது சின்ன விரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்கும்போது, நரம்பு ஏற்கனவே சேதமாகிவிட்டிருக்கும். நாலடியார் சொன்ன விரல் அழுகல் அந்தப் புறக்கணிப்பின் கடைசிக் கட்டம். உணர்ச்சி இல்லாத விரலில் காயம்மேல் காயம் பட்டுச் சீழ்பிடிப்பதால் வருவது.

இலங்கை 1995இல் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை அடைந்தது. ஆனாலும் நோய் போய்விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாடு முழுவதும் புதிய நோயாளர் கண்டறியப்படுகிறார்கள், பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. நுண்ணுயிர் உடலுக்குள் சென்று அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆகும், இருபது ஆண்டுகூட ஆகலாம் என்பதால், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களையும் பரிசோதிப்பது வழக்கம். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் கூட்டுமருந்து விழுங்கவேண்டும். ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் ஆகிய மூன்றும் அதில் அடங்கும், கட்டணம் இல்லை. மருந்து தொடங்கியபின் மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு மிக விரைவில் இல்லாமல் போகிறது. யாரும் எந்தத் தீவுக்கும் போகவேண்டியதில்லை, வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரலாம். திருகோணமலை பொது வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவிலோ, அருகில் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ திட்டைக் காட்டினால், அது செதிளா, தேமலா, உணர்ச்சி குறைந்த இடமா என்று தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.